பொழுது சாய முன்னம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. கோபிக்காதே, பதிலை இரண்டு தரம் தொடங்கி வைத்துவிட்டேன். நான் நல்ல சுகம். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இப்போது காலையில் கதவைத் திறந்தால் மூக்கு மயிர்கூட விறைக்கும். தமிழ்க் கடையில் எங்கள் ஊர் மீன் என்று ஐஸ்கட்டியாய் விற்கிறார்கள். வாங்கிச் சொதி வைத்தேன், வாசமே இல்லை. அம்மாவிடம் நல்லாயிருந்தது என்று சொல்.

கீழ்வீட்டுப் போலந்துக்காரக் கிழவர் இருக்கிறாரே, மைனஸ் 15இலும் தொப்பி போடாத மனிசன், போன சனி அவர் வாசல் பனியை அள்ளிக் கொடுத்தேன். காசு பிறகு தாருங்கள் என்றாலும் கேட்கவில்லை, இருட்ட முன்னம் கதவைத் தட்டிக் கையில் வைத்தார். பைபிளில் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரமாம்: ஏழையின் கூலியை அன்றைக்கே, பொழுது சாய முன்னம் கொடுத்துவிட வேண்டும், அவன் அதை நம்பித்தான் இருக்கிறான். 1891இலேயே பாப்பரசர் 13ஆம் லியோ, முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் மட்டும் அது நியாயமான கூலி ஆகாது, உழைக்கிறவன் சீவிக்கவும் காண வேணும் என்று எழுதினாராம். 1981இல் "எங்கள் போலந்துப் பாப்பரசர்" இரண்டாம் ஜான் பாலும் உழைப்பைப் பற்றி எழுதினாராம். அதைச் சொல்லும்போது கிழவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நாங்களும் ஞானோபதேசத்தில் பாடமாக்கினோம்தானே, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் நாலு என்று. கொலையோடு சேர்த்துக் கூலியைப் பிடித்து வைப்பதையும் எண்ணியிருக்கிறார்கள். ஒப்பித்து முடிய உடுப்போடேயே கடலுக்குள் இறங்கி அம்மாவிடம் அடி வாங்குவோமே, அந்தப் பின்னேரங்கள் ஞாபகம் வந்து அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை அக்கா. சரி, விடு.

மதில் கட்டின கன்னியா ஊர் மேசனுக்கு அப்பா இன்னும் 18,000 கொடுக்கவில்லை, மதில் கோணல் என்கிறார் என்று எழுதியிருந்தாய். கோணல்தான், நீ அனுப்பின படத்தில் பார்த்தேன். ஆனால் கார்த்திகைக் காசு நான் அனுப்பவில்லை, அதை வெளியில் சொல்ல மானம் விடாமல்தான் அப்பா மதிலைச் சாட்டுகிறார். எனக்கும் வேலை செய்த இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது. முதலாளி பூசைக்கு வந்து முன்வாங்கில் இருக்கிறவர், கேட்டால் "பார்ப்போம் தம்பி". இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

பத்தாம் திகதிக்குள் உன் பேருக்கு 20,000 போடுவேன். அப்பாவிடம் கொடுக்காமல் நீயே கன்னியாவுக்குப் போய்க் கொடு. மிஞ்சுகிற 2,000ஐப் பாலையூற்று மாதா கோயிலில் போடச் சொல்ல நினைத்தேன், வேண்டாம், பிந்தினதற்கு அதையும் மேசனிடமே கொடு. அப்புறம், மாமியின் காணி உறுதி சித்தப்பாவிடமா இருக்கிறது? கேட்டு எழுது.

தம்பி