அக்காவின் அறுபதுக்கு ஓர் ஆல்பம்

மதுரை
ஐப்பசி

அன்புள்ள முருகேசா,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டதால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதுகூட நின்றுபோனது.

அக்காவின் அறுபதுக்கு ஆல்பம் செய்கிற யோசனை நல்லது. ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் விட்டுவிடு. தெரியாமல் செய்தால் அது உன் ஆல்பமாகத்தான் இருக்கும். அக்கா அதில் வருவார், பேசமாட்டார். படங்களுக்கு எண் போட்டு ஜெராக்ஸ் எடுத்து அக்காவுக்கு அனுப்பு. யார் எடுத்தது, எந்த வீடு, போட்டிருக்கிற துணி யாருடையது, படத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்று கேள். நீ எழுதியதை அவர் பார்ப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிடு. பார்த்துவிட்டால் உன் ஞாபகம் அவர் ஞாபகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் முரண்பட்டால் திருத்தாதே. நீ எழுதியது, அவர் எழுதியது இரண்டையும் படத்தின் கீழேயே வை.

வருஷப்படி அடுக்கப் போனால் பாதியில் குழம்பிவிடும். வீடுவாரியாக அடுக்கு. தேதி வேண்டுமென்றால் துணியைப் பார்: தீபாவளிக்கு ஒரே பீஸில் அவருக்குப் பாவாடையும் உனக்குச் சட்டையும் தைத்திருந்தால், அந்தத் துணி வருகிற படமெல்லாம் அந்தத் தீபாவளிக்கோ அதற்குப் பிறகோ எடுத்தவை. பாவாடையின் நீளத்தைக் கூட்ட டக் (மடித்துத் தைத்த மடிப்பு) பிரித்த கோடு தெரிந்தால் இன்னும் பிந்தியது. ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே: மூத்த பிள்ளைக்குக் காதுகுத்துப் படமே கட்டாக இருக்கும், இளையதுக்குத் தேடினால் ஒன்றிரண்டு. அந்த இடத்தை உன் ரேங்க் கார்டு, தமுக்கம் பொருட்காட்சி டிக்கெட் என்று காகிதங்களால் நிரப்பு.

இனி கைவேலை. ஒட்டுவதை இப்போது தொடங்காதே. ஈரக்காற்றில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகி, மேலே கிடக்கும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். தை பிறக்கட்டும். அதுவரை ஸ்கேன் செய்: போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்கிற கணக்கு), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. நெகட்டிவ் கிடைத்தால் அதிலிருந்தே எடு. கலர் படங்கள் சிவந்து கிடந்தால் பயப்படாதே. நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் வருவது அது, ஸ்கேன் செய்த பிறகு ஓரளவு சரிசெய்யலாம்.

பசை தடவிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய ஆல்பம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து படத்தைப் பிய்க்காதே. மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழு. வரவில்லையென்றால் அப்படியே ஸ்கேன் செய். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் உரிக்கக் கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வை.

பக்கத்துக்கு அமிலமில்லாத தாள், கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) குறையாமல். பள்ளிக்கூடக் கறுப்புச் சார்ட் வேண்டாம், சாயம் இறங்கும். மைதாப் பசை போட்டால் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வரும். பெவிக்கால் தாளைச் சுருக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோ டேப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பழுப்புக் கறைதான் மிஞ்சும். மூலைக் கொக்கிகள் வாங்கி நாலு முனையையும் செருகிவிடு. எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். உறை வாங்கினால் பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்கு. பிளாஸ்டிக் வாடை தூக்கலாக அடிப்பது பெரும்பாலும் பிவிசி, படத்தைக் கெடுக்கும்.

எல்லோரும் மறப்பது ஆல்பத்தின் முதுகுப்பக்கம். படமும் டிக்கெட்டும் ஏற ஏற ஆல்பம் வாய் பிளந்து நிற்கும். ஒவ்வொரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் தையல் ஓரத்தில் ஒரு அங்குல அகலத்துக்கு அதே தாளின் கீற்றை வைத்துத் தைக்கச் சொல்.

அம்மாவின் சுங்குடிச் சேலைத் துண்டு வைக்கப்போகிறாய் என்றால், முனையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார். சாயம் ஏறினால் தனி உறையில் போடு, படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வராதபடி. தெர்மல் ரசீதுகள் (மையில்லாமல் சூட்டால் அச்சாகிற பில்கள்) தாமாகவே வெளுத்துவிடும், அவற்றுக்கு ஜெராக்ஸ்தான்.

எத்தனை தாள், என்ன அளவு என்று முடிவானதும் எழுது. இங்கே தெரிந்த பைண்டரிடம் ரெக்சின் அட்டைக்கு விலை கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜாமணி