எங்களுக்கு ஒரு கட்டம் வேண்டும்

கோயம்புத்தூரின் தொழில் உரிமங்களைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். உரிமம் இல்லாமல் பட்டறை நடத்துகிறோம் என்று சென்ற வாரம் எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது; அதைப் பற்றியே இந்தக் கடிதம். மூடிக்கிடந்த மில்லொன்றின் பஞ்சு குடோனில், பகலில் லேத்தும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் ஓடுகின்றன. மாலையில் அதே தரையில் அனிமேஷன் செய்பவர்களும் நாடகக்காரர்களும் வேலை செய்கிறார்கள்.

உரிமம் பெறாதது எங்கள் குற்றம் என்கிறது நோட்டீஸ். விண்ணப்பத்தில் தொழிற்சாலை, கடை, அலுவலகம் என மூன்றே கட்டங்கள் உள்ளன. தொழிற்சாலை என்று குறித்தபோது நாடக ஒத்திகை எதற்கு என்று கேட்டார்கள்; அலுவலகம் என்று குறித்தபோது லேத் எதற்கு என்றார்கள்; கடை என்று எழுதிக் கொண்டுபோனால், விற்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சிரித்தார்கள். இப்படி ஏழு மாதங்கள் போயின. பம்புசெட்டைக் கைப்பேசியிலிருந்து இயக்கும் கருவியை எங்களோடு இருந்து செய்துவந்த தம்பி, உரிமம் இல்லாத முகவரிக்கு வங்கி கடன் தராததால், கையில் வந்த முதல் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது வேறொருவரின் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: விண்ணப்பத்தில் 'பொதுப் பட்டறை' என்று நான்காவதாக ஒரு கட்டம்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1937-இல் ஜி.டி. நாயுடு இங்கே மின்மோட்டார் செய்தார். அதே பத்தாண்டில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ படமெடுத்தது. மில், ஃபவுண்டரி, சினிமா மூன்றையும் ஒரே காலத்தில் வளர்த்த ஊர், அன்றைக்கு எந்தக் கட்டத்தில் டிக் செய்தது என்று தெரிந்தால் நாங்களும் அதையே செய்துவிடுவோம். 2020-இல் நின்ற தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் கூரைகள் ஒழுகிக்கொண்டிருக்க, புத்தொழில் (ஸ்டார்ட்அப்) மாநாட்டுக்கு மட்டும் மேடைகள் போடப்படுவதைப் பார்க்கிறோம். கணினி நிறுவனங்களுக்கான விளாங்குறிச்சி டைடல் பார்க்கை நாங்கள் குறை சொல்லவில்லை. அங்கே லேத்தை இறக்க முடியாது, அவ்வளவுதான்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். நான்காவது கட்டத்தைச் சேர்க்குமாறும், அதுவரை நோட்டீஸை நிறுத்திவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். திருப்பியனுப்பப்பட்ட மூன்று விண்ணப்பங்களின் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குடோன் பட்டறைக்காரர்கள்