பொதுச்சுவரைக் காக்க ஆட்சேபம் எழுதுங்கள்: புதுச்சேரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புல்வாருக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றும் சாலை வளையத்துக்குள், மாடி உயரத்தையும் தளப்பரப்புக் குறியீட்டையும் (மனையின் அளவுக்கு எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு) கூட்டலாம், தரைத்தளத்தை வண்டி நிறுத்த விடலாம் என்ற பேச்சு மறுபடி அடிபடுகிறது. சுண்ணாம்பும் தட்டோடும் வாங்க வருகிற பலர், "விதி தளர்ந்தால் நமக்கும் லாபம்தானே?" என்று கேட்கிறீர்கள். பழைய வீடு வைத்திருப்பவருக்கு அது நட்டம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கால்வாய்க்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில், வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். கட்டைக்குத்து ஒட்டுக் கூரையின், அதாவது கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கிய கூரையின், தேக்குக் கட்டைகளுடைய முனைகள் அந்தச் சுவருக்குள்தான் உட்கார்ந்திருக்கும். உயரம் கூட்ட அனுமதி கிடைத்தால் முதலில் நடப்பது இடிப்பு. பக்கத்து வீடு போனதும், அதுவரை வெயிலோ மழையோ படாத சுவர்முகம் திறந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குள் இறங்கும். அவசரத்தில் சிமென்ட் பூசுவார்கள். பெரிய தவறு அதுதான். சுண்ணாம்புச் சுவர் உள்ளே போன ஈரத்தை மெல்ல வெளியே விடும், சிமென்ட் பூச்சு அதை அடைத்துவிடும். கடற்காற்றோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல் முகத்தைத் தள்ளிப் பொரியவைக்கும். கட்டை முனை உளுக்கும். மேலே ஒட்டு தொய்ந்து விரிசல் காட்டும்போது, கோளாறு உள்ளே முற்றியிருக்கும். தண்ணீர் புகுந்த பழைய கட்டடம் எப்படிப் போகும் என்பதை 2014 நவம்பர் மழையில் பழைய நகரமன்றமான மேரி கட்டடம் விழுந்தபோது ஊரே பார்த்தது.

அடுத்தது பள்ளம். பழைய சுவரின் அஸ்திவாரம் ஆழம் குறைவு, அடியில் மணல். கூடுதல் மாடிக்கான தூண்குழி அதைவிட ஆழமாகப் போகும். குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால், தண்ணீரோடு மணலும் உங்கள் சுவருக்கு அடியிலிருந்து நகரும். தரைத்தளம் வண்டிக்குப் போனால் திண்ணையும் தாழ்வாரமும் போகும். வைசியாள் வீதியில் வரிசையாகச் சீரமைத்த தாழ்வாரங்களுக்கு நடுவே ஒரு வீடு அப்படித் திறந்தால் வரிசையே அறுந்துவிடும்.

உள்ளூர் விதி இப்போது ஏன் இவ்வளவு முக்கியம்? கடற்கரைப் பக்கத்து நகர்ப்பகுதியில் 1991 அளவிலேயே உறைந்திருந்த தளப்பரப்புக் குறியீட்டை, 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை விடுவிக்க வழிசெய்தது. அதனால் அந்த வீதிகளுக்கு உள்ளூர் விதி என்ற வேலி முன்பைவிட முக்கியம்.

விதித் திருத்தத்தின் வரைவு வெளியானால் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். "பாரம்பரியம் அழிகிறது" என்று மட்டும் எழுதினால் போதாது. வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்), வரைவின் பிரிவு எண், அதனால் உங்கள் சுவருக்கு என்ன ஆகும் என்பது, அதற்குப் பதிலாக எந்த வாசகம் வேண்டும் என்பது, இத்தனையும் இருக்கட்டும். நாங்கள் கேட்கப்போகும் வாசகங்கள் இவை: இடிக்கும் முன் இரு வீட்டாரும் கையெழுத்திட்ட படப்பதிவு, திறந்த பொதுச்சுவருக்கு உடனே தார்ப்பாய், பிறகு சுண்ணாம்புப் பூச்சு மட்டும், பக்கத்து அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரே வீச்சில் தோண்டாமல் விட்டுவிட்டுச் சிறு நீளமாகத் தோண்டி நிரப்புவது, மாடி சேர்த்தால் திண்ணை, தாழ்வாரம், முகப்பை விட்டுப் பின்வாங்கிக் கட்டுவது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஏற்கெனவே வேலை நடக்கிறதா? விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருமுனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே படம் எடுத்து, ஆட்சேபத்தோடு இணையுங்கள். துண்டு வெட்டிவைத்திருக்கிறோம், கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடையார்