பாதித் தூரத்தில் 70 சதவீதம்

ஆசிரியருக்கு,

மலை விமானிகளைப் பற்றி எழுதினாலே ‘சாகசம்’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மலைகளில் பறக்கக் கற்றுக்கொடுத்த ஸ்பார்க்கி ஐமெசனை நினைத்தால் இந்தச் சொல் உறுத்துகிறது. எந்த இடத்தில் முயற்சியைக் கைவிடுவது என்பதுதான் அவர் பாடத்தில் பெரும்பகுதி.

அவர் பெயரோடு சேர்ந்தே வழங்கும் கணக்கு இது: ஓடுதளத்தின் பாதியைக் கடக்கும்போது, எழும்பத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கி.மீ.) வேகத்தில் எழும்பும் விமானத்துக்குப் பாதியில் 35 நாட். வரவில்லையா, த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடி பிரேக் பிடிக்க வேண்டியதுதான். சீராக வேகமெடுத்தால், தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், 0.7ஐ 0.7ஆல் பெருக்கினால் 0.49, அதாவது ஏறக்குறைய பாதித் தூரம். பள்ளிக்கூட இயற்பியல்!

ஐடஹோவின் ஜான்சன் க்ரீக் புல்தரையை எடுத்துக்கொள்வோம். நீளம் 3,400 அடி, கடல்மட்டத்திலிருந்து உயரம் 4,933 அடி. வெயில் 30 டிகிரி செல்சியஸ் அடித்தால், அங்குள்ள காற்று 8,000 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய கால்பங்கு சக்தியை இழக்கும். மெலிந்த காற்றில் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், எழும்பும்போது அது வழக்கமான 50ஐத்தான் காட்டும். ஆனால் காற்று வீசாத நேரத்தில் சக்கரங்கள் தரையில் 56 நாட் ஓடியாக வேண்டும். எரிபொருள் கலவையைக் கடல்மட்டத்தில் போல முழுச் செறிவில் (எரிபொருள் மிகுதியாக) விட்டால் சக்தி இன்னும் குறையும். நனைந்த புல் வேறு இழுக்கும். பாதிக் குறியைத் தாண்டும்போது இவை அனைத்தின் விளைவும் வேகமானியில் தெரிந்துவிடும்.

ஆனால் பாதி எது என்று தெரிய வேண்டுமே! நடந்து அளந்து, ஓரத்தில் கண்ணில் படும்படி ஒரு குறி வைக்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கணக்கு சக்கரம் தரையை விடுவதற்கு மட்டுமே. ஓடுதளத்தின் கடைசியில் மரங்கள் நின்றால், அவற்றைத் தாண்டத் தேவையான தூரத்தைக் கழித்துவிட்டு மீதியில்தான் பாதி பார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

மலைமுகட்டை 45 டிகிரி சாய்வாக அணுகச் சொன்னார் ஐமெசன். கீழிறங்கு காற்று அமுக்கினால் கால்வட்டம் திரும்பி விலகிவிடலாம். நேராகப் போனவர் அரைவட்டம் அடிக்க வேண்டும். அதற்கு இடம் இருக்காது.

ஐமெசன் 2009 மார்ச்சில் மொன்டானாவில் விமான விபத்தில் இறந்தார். அதைச் சொல்லி அவர் பாடத்தைத் தள்ளுவோர் உண்டு. வர்க்கக் கணக்கு அதனால் மாறிவிடாது.

அடுத்த முறை மலை விமானச் செய்தி போடும்போது, ஓடுதளத்தின் நீளம், உயரம், அன்றைய வெப்பம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பயிற்றுநர் இருவர்