துப்பாக்கியைவிடக் கோடரி பிடித்த நாட்களே அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க மேற்கெல்லைக் கோட்டைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சண்டைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சண்டை இல்லாத நாட்களில் சிப்பாய் என்ன செய்தான் என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவனுக்கு அத்தகைய நாட்களே மிகுதி.

கூடவே அச்சிட்டிருந்த ஓவியத்தில் கோட்டையைச் சுற்றி உயரமான மரச்சுவர் தெரிகிறது. எல்லாக் கோட்டைகளும் அப்படி இல்லை. வயோமிங்கிலுள்ள லாரமி கோட்டையை ராணுவம் 1849இல் 4,000 டாலருக்கு வாங்கியது. ஆனால் தன் குடியிருப்புகளைச் சுற்றி மதில் எழுப்பவே இல்லை. திறந்த மைதானம், அதைச் சுற்றிக் கட்டடங்கள், அவ்வளவுதான்.

விடியலில் எக்காளம் ஊதினால் எழ வேண்டும். பிறகு விறகு வெட்டுவது, தண்ணீர் சுமப்பது, லாயம் கூட்டுவது, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றில் பனிக்கட்டி அறுப்பது. பயிற்சி பெற்ற சமையற்காரர் கிடையாது. சிப்பாய்களே முறைவைத்துச் சமைத்தார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சி, பீன்ஸ், ரொட்டி, காப்பி என்று மாறாத சாப்பாடு. காய்கறி இல்லாமல் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் வந்ததால் கோட்டைக்குக் கோட்டை தோட்டம் போட்டார்கள். படுக்கை, வைக்கோல் திணித்த கோணி.

இதற்குச் சம்பளம் மாதம் 16 டாலர். 1871இல் அதையும் 13 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு படையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஓடிப்போனார். கட்டுரை இவர்களை ஒரே சொல்லில் 'கோழைகள்' என்று தள்ளிவிடுகிறது. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அதில் ஏராளம். போர் செய்யச் சேர்ந்தவனைக் கூலி வேலையில் கட்டிப்போட்டு, கூலியையும் வெட்டினால் அவன் எப்படி நிற்பான்? லகோட்டா, செயன் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தைப் பறித்த படை அது என்பதை நான் மறக்கவில்லை. பறித்த நிலத்தில் இந்தச் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும்.

சலவைப் பெண்களையும் கட்டுரை விட்டுவிட்டது. ஒரு கம்பெனிக்கு, அதாவது ஒரு சிறு படைப்பிரிவுக்கு, நான்கு பேர் வரை ராணுவமே ரேஷன் கொடுத்து வைத்திருந்தது. பலர் சிப்பாய்களின் மனைவிகள். 1878இல் சட்டம் போட்டு அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடலாம். அடுத்த இதழ்களில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்