மெர்ஜ் (வந்த நிரலைச் சேர்ப்பது) விஷயம்: எல்லோரும் படிக்கவும்

நண்பர்களே, நம் கேமில் மூன்றாம் லெவலில் சேவ் செய்துவிட்டு வெளியே வந்தால் ஆட்டமே அழிந்துபோகிறதே, அதற்கான திருத்தம் 7 வாரமாக அப்படியே கிடக்கிறது. மொத்தம் 40 வரிகூட இல்லை. எழுதியவர் மூன்று முறை நினைவூட்டிப் பார்த்துவிட்டு நேற்று குழுவை விட்டே போய்விட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

புதியவர்களை உடனே நம்ப முடியாது என்பது சரிதான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற, கோப்புகளைச் சுருக்கும் திறந்த மூல மென்பொருளில் கள்ளத்தனமான நிரல் பிடிபட்டது. அதை நுழைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பாளர் உரிமையையே வாங்கியவர். அதற்காக, நமக்கு வந்த நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல் போட்டுவைப்பதா? சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இவர்கள். "இந்த வாரம் முடியாது" என்று ஒரு வரி போட்டிருந்தால்கூட நேற்றுப் போனவர் இருந்திருப்பார்.

இனி எந்தப் புல் ரிக்வெஸ்ட் (நிரலைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்தாலும் 5 நாளுக்குள் யாராவது பதில் எழுதிவிட வேண்டும். பெரியதாக இருந்தால் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் மெயினில் (முதன்மை நிரலில்) எதுவும் சேராது, என் நிரலும்தான்.

போனவரிடம் நான் பேசுகிறேன். அந்தத் திருத்தத்தை இன்று இரவே பார்க்கிறேன். இரண்டாவது ஆளாக யார் வருகிறீர்கள்?