நட்ட கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரிக்கரையில் சதுர மீட்டருக்கு மூன்று கன்று வீதம் குறுங்காடு அமைத்த செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் நட்டது அத்தனையும் மரமாகிவிடும் என்ற தொனிதான் உறுத்தியது. வனக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

என் மைத்துனருக்குக் கொள்ளிடக் கரையில் ஓர் ஏக்கர் படுகை, ஆற்று வண்டல் படிந்த நிலம். எனக்கு ஓர் ஏக்கர் செம்மண். இரண்டடி தோண்டினால் சுக்காம்பாறை. ஒரே ஐப்பசியில், ஒரே நாற்றங்காலில் வாங்கிய தேக்குக் குச்சிகளை ஆறரை அடி இடைவெளியில் ஆளுக்கு ஆயிரம் நட்டோம். முதல் கோடையிலேயே எனக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. செத்த இடங்களில் மறுபடி கன்று வைத்து பாடுவாசி நட்டேன், அதுவும் காய்ந்தது. படுகையில் செத்தது இருபதுகூட இல்லை. ஊரில் எல்லோரும் மைத்துனரைத்தான் மெச்சினார்கள்.

ஐந்தாம் வருடம் அங்கே போனபோது தலைக்குத் தலை முட்டி, உள்ளே வெயிலே இறங்கவில்லை. தேக்கு நிழல் தாங்காது. "ஒன்று விட்டு ஒன்றைக் கலைத்துவிடு" என்றேன். "பிள்ளை மாதிரி வளர்த்ததை வெட்டச் சொல்றீங்களே அத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, அவர் மரம். பத்தாம் வருடத்துக்குள் இருநூறுக்கு மேல் நின்றபடியே பட்டுப்போயின. மிச்சத்திலும் பாதி, மூங்கில் மாதிரி உயரம் மட்டும்தான்.

என் கொல்லையில் முதல் கோடைக்குத் தப்பியவை பெரும்பாலும் இன்றும் நிற்கின்றன. முட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தால்தானே சண்டை! விற்க ஒன்றும் தேறாது, அது வேறு விஷயம். மெலிந்த மண் ஆரம்பத்திலேயே கொன்றுவிடுகிறது. வளமான மண்ணில் மரம் வேகமாக வளர்வதாலேயே இடம் சீக்கிரம் தீர்ந்து, சாவு பின்னால் வருகிறது. முதல் வருடக் கணக்கில் அது தெரியாது.

சவுக்கை ஒரு மீட்டருக்கு ஒன்று நடுகிறோமே என்பார்கள். அது நாலைந்து வருடத்தில் வெட்டும் மரம். நெருக்கடி முற்றுவதற்குள் லாரி ஏறிவிடும். குறுங்காட்டை யாரும் வெட்டப்போவதில்லை. அங்கே ஒரு பகுதி சாவது அந்த முறையிலேயே உள்ளதுதான், தவறில்லை. அதையும் சொல்லிவிட்டால், பின்னால் பட்ட மரத்தைப் பார்த்து யாரும் தண்ணீர் ஊற்றியவரைத் திட்டமாட்டார்கள்.

எத்தனை கன்று என்பதோடு என்ன மண், எவ்வளவு இடைவெளி என்பதையும் உங்கள் நிருபர் இப்போதே குறித்துவைத்து, ஆறு வருடம் கழித்துப் போய் எண்ணட்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பஸ் செலவு என்னுடையது.

– ஓய்வு பெற்ற வனக்காப்பாளர், லால்குடி